தோற்பதற்குச் சம்பளம் வாங்கிய மார்க்கர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் 'தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்' என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே மனிதர், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மார்க்கர் மாமாதான்.
2. அவர் முப்பத்தொரு வருடம் டென்னிஸ் ஆடிச் சம்பளம் வாங்கினார்.
3. அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை.
4. அதற்காக யாரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஜெயித்திருந்தால்தான் நிறுத்தியிருப்பார்கள்.
5. அறுபத்திரண்டாவது வயதில், ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும் என்று கிளம்பினார்.
6. அப்போதுதான், தனக்கு ஜெயிக்க வராது என்பது அவருக்குத் தெரிந்தது.

மார்க்கர் என்பது பெயரல்ல, உத்தியோகம். மலையுச்சியில் இருந்த கிளப்பில், தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமார் மாலையில் டென்னிஸ் ஆடுவார்கள். ஜோடி கிடைக்காத துரைக்கு எதிரே நின்று ஆடுவதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள்தான் மார்க்கர். ஆட்டத்தில் துரை ஜெயிக்க வேண்டும். ஆனால் சுலபமாக ஜெயித்தால் துரைக்கு ராச்சாப்பாடு இறங்காது. வியர்த்து, மூச்சிரைத்து, கடைசியில் மயிரிழையில் ஜெயிக்க வேண்டும். அந்த மயிரிழையை அளந்து கொடுப்பதுதான் மார்க்கரின் வேலை.

காலையில் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக எல்லோரும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது, மாமா வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்தோடு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டென்னிஸ் மைதானத்தில் கோடு போடக் கிளம்புவார். மழையோ பனியோ, அந்த வெள்ளை மாறாது. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தபோதும் அதே உடுப்புதான். பூசாரி மட்டும் மட்டையை வெளியே வைக்கச் சொன்னார்.

தோல்வியை அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். சின்னத் துரைக்கு ஆறுக்கு நாலு. பெரிய துரைக்கு ஏழுக்கு ஐந்து. துரைசானிக்கு ஆறுக்கு மூன்று, நடுவில் இரண்டு தடவை "ஐயோ, என்னா அடி!" கொழும்பிலிருந்து வரும் விருந்தாளி என்றால் நாலு கேம் முன்னால் போய்விட்டு, பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டித் தோற்பார். எங்கள் தொழிற்சாலையில் தேயிலையைக்கூட இவ்வளவு கவனமாகத் தரம் பிரிப்பதில்லை. அங்கே இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள் என்ற பொறுப்போடுதான் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு ஒரு தடவை கட்டாயம் கீழே விழுவார். விழாவிட்டால் துரைக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் சேற்றைக் காட்டிக் கொண்டாடுவார்.

"இன்னிக்கு என்னா தோல்வி தெரியுமா! கடைசிப் பந்துல பெரிய தொரை சின்னப் புள்ள மாதிரி குதிச்சிட்டாரு!"

அத்தை, அதாவது அவர் மனைவி, வெள்ளையைச் சவர்க்காரத்தில் போட்டுக் கும்மிக்கொண்டே சொல்வார்: "ஊரு ஆம்பளைங்க எல்லாம் ஜெயிச்சிட்டு வந்து ஆடுவாங்க. எனக்கு வாச்சது தோத்துட்டு வந்து ஆடுது."

தொழில் உடம்பில் ஊறிவிட்டது. கரம் பலகையில் ஆடினால் கடைசிக் காயைக் குழியின் விளிம்பில் அழகாக நிறுத்திவிட்டு, எதிராளியைப் பார்த்துச் சிரிப்பார். தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் கரண்டியும் எலுமிச்சம்பழமுமாக எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், முடிவுக் கயிற்றுக்கு இரண்டடி முன்னால் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை தட்டினார். அத்தையோடு சண்டை போட்டாலும், நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கும்போதுதான் மன்னிப்புக் கேட்பார்.

இப்படியே சந்தோஷமாக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் கிளப்பில் நடந்த பிரிவுபசாரத்தில் பெரிய துரை பேசினார். பத்தொன்பது வருடம் மாமாவோடு ஆடியவர். நல்ல மனிதர், தமிழும் நன்றாகப் பேசுவார். மாமாவின் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"நம்ம மார்க்கர் தங்கமான மனுசன். ஆட்டம்தான் கொஞ்சம் போதாது!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் லயத்துக்கு இறங்கி வரும் இரண்டு மைல் தூரமும் வாய் திறக்கவில்லை. வானொலியைப் போல விடாமல் பேசுகிறவர் மௌனமானதில் அத்தை பயந்து, வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் கழித்து, நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு அறுபது தாண்டியவர்களுக்கான டென்னிஸ் போட்டி என்று என் கைப்பேசியில் பார்த்தேன். முன்பெல்லாம் அங்கே சம்பளத்துக்கு ஆடியவர்களைச் சேர்க்கமாட்டார்கள். இந்தத் தடவை யாரும் சேரலாம் என்றிருந்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மாமாவின் உண்மைப் பெயரை அடையாள அட்டையில் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

"முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரரான்னு கேக்குது மாமா."

"ஆமான்னு போடு புள்ள. சும்மாவா, முப்பத்தொரு வருசம்!"

"இதுவரை பெற்ற வெற்றிகள்?"

"அத அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

தொழிற்சாலை முற்றத்தில் கயிறு கட்டிப் பயிற்சி தொடங்கியது. எதிராளி எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர். மட்டையை விளக்குமாறு போலப் பிடிப்பவர். மாமா ஐந்துக்குப் பூச்சியம் என்று முன்னால் போனார். பிறகு ஏழுக்கு ஐந்து என்று தோற்றார். "ஐயோ, நானா ஜெயிச்சேன்?" என்று களஞ்சியப் பொறுப்பாளர் மட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் விடல புள்ள, சத்தியமா. கை தானாப் போகுது."

மூன்று நாள் குறிப்பெடுத்தேன். நாலு கேம் வரை கை ஒழுங்காக இருக்கிறது. ஐந்து என்று காதில் விழுந்ததும் கோளாறு தொடங்குகிறது. ஓர் இயந்திரம் தவறான நேரத்தில் தானாக நின்றால், அதை நிறுத்தும் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் துண்டிக்க வேண்டும். மாமாவின் இரண்டு காதிலும் பஞ்சை வைத்தேன்.

அத்தையும் எங்களோடு நுவரெலியாவுக்கு வந்தார். அங்கே பஞ்சு பிரமாதமாக வேலை செய்தது. ஒரே செட் ஆட்டங்கள். முதல் சுற்றில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை ஆறுக்கு இரண்டு என்று ஜெயித்தார். அவர் கைகுலுக்க வந்தபோது, மாமா அடுத்த கேமுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு சுற்றுகளும் அப்படியே. "முடிஞ்சிருச்சா? யாரு?" என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து கேட்டார்.

"ஜெயிச்சிட்டீங்க மாமா! மூணு ஆட்டம்!"

அவர் முகத்தில் மலர்ச்சியே இல்லை. "இது கணக்குல வராது புள்ள. ஜெயிச்சது எனக்கே தெரியலையே. முழிச்சிருக்கும்போது ஒண்ணு ஜெயிக்கணும்."

மிச்சம் இருந்தது இறுதி ஆட்டம் ஒன்றுதான். எதிரே வந்து நின்றவர், ஓய்வு பெற்றுக் கண்டியில் குடியேறிவிட்ட எங்கள் பெரிய துரை.

"அடடே, மார்க்கர்! நீயா?" என்று கட்டிப்பிடித்தார். மாமா பழக்க தோஷத்தில் அவருடைய மட்டைப் பையை வாங்கித் தூக்கிக்கொண்டார். அத்தை ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. மாமா பறந்தார். ஐந்துக்கு இரண்டு. இன்னும் ஒரு கேம். அப்போது பெரிய துரை தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தோற்கப்போகிறோம் என்று பயம் வந்தால் அவர் செய்வது அது. மாமா பத்தொன்பது வருடம் படித்த முகம் அல்லவா? பஞ்சு காதுக்குத்தான், கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது. கை போய்விட்டது. ஐந்துக்கு மூன்று. ஐந்துக்கு நாலு.

பக்கம் மாறும் இடைவேளையில் பெரிய துரை தண்ணீர் குடித்துவிட்டு, தொப்பியை நேராக்கிக்கொண்டு, மாமாவின் முதுகில் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னா சொன்னாரு?" என்று மாமா என்னைக் கேட்டார்.

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அத்தைக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவர் காதருகே போய் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "நல்லாத்தான் ஆடுறீங்களாம்! கடைசியிலதான் கொஞ்சம் போதாதாம்!"

மாமா துரை போன பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். நடுவரிடம் போனார்.

"எத்தனைங்க ஐயா?"

"ஐந்துக்கு நாலு. நீங்கதான் முன்னால."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

நடுவர் சத்தமாகச் சொன்னார். மாமா தலையாட்டிவிட்டுக் கோட்டுக்குப் போனார்.

ஒருவரை ஜெயிக்க வைக்க வேண்டுமானால், அவர் மட்டைக்கு வாகான இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய துரைக்கு வாகான இடத்தை மாமாவைவிட நன்றாக அறிந்தவர் இந்தப் பூமியில் இல்லை. அந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பந்தை வைத்தார். துரை தொப்பியைத் திருப்பினார். மாமா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இன்னொரு முழம் தள்ளி வைத்தார். நாலு பந்து, நாலு முழம்.

கடைசிப் பந்து போனதும் மாமாவின் வாய், "நல்ல அடி, தொரை!" என்று தானாகச் சொன்னது. பிறகு நடுவரைப் பார்த்தார்.

"எத்தனைங்க?"

"ஆறுக்கு நாலு. முடிஞ்சது."

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான்யா!"

மாமா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தை செருப்போடு மைதானத்துக்குள் ஓடினார். "எந்திரிங்க, வெள்ளை அழுக்காகுது!" என்றவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பரவாயில்ல, உக்காருங்க" என்று தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய துரை வலையைத் தாண்டி மெதுவாக வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப, அந்தப் பத்தொன்பது வருசம்?"

மாமா எழுந்து நின்றார். "அப்ப நீங்க நல்லா ஆடுனீங்க தொரை. இப்ப கொஞ்சம் வயசாயிருச்சு. அவ்வளவுதான்."

"பொய் சொல்றீங்க, மார்க்கர்."

"இல்லீங்க தொரை."

துரை சிரித்துவிட்டார். "அடுத்த ஞாயிறு நான் வட்டகொடைக்கு வாறேன். சும்மா விட்டுக்கொடுத்தீங்கன்னா மட்டையாலேயே அடிப்பேன்."

இப்போதைய நிலவரம்: பெரிய துரை மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கண்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறார். இதுவரை ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். ஏழு மாமாவுக்கு, இரண்டு துரைக்கு. அந்த இரண்டும் துரையின் பிறந்தநாளன்று ஒன்றும், துரைசானி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம் ஒன்றும். இரண்டிலும் தான் நிஜமாகவே தோற்றதாக மாமா சாமி படத்தின் மேல் சத்தியம் செய்கிறார். நம்புவதாக நான் சொல்லியிருக்கிறேன்.