குகதாசனை ஆளாக்கியவர்

நீங்கள் இதுவரை எத்தனை பேரை ஆளாக்கியிருக்கிறீர்கள்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். பத்திரிகையில் படம் வந்த வைத்தியர், தேர்தலில் நின்ற பையன், தொலைக்காட்சியில் அரை நிமிடம் பாடிய பெண் – இவர்களில் எத்தனை பேரை "சின்னனிலேயே எனக்குத் தெரியும், எங்கட பிள்ளை" என்று சொல்லியிருக்கிறீர்கள்? அந்தச் சின்ன வயதில் அவர்களுக்கு ஒரு இனிப்பாவது வாங்கிக் கொடுத்ததுண்டா?

ஆளாக்கியவர் என்ற இந்த இனம் உலகெங்கும் உண்டு என்றாலும் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அது கொழுத்துச் செழிக்கிறது. அடையாளம் காண்பது எளிது. நீங்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது அதற்குக் கண் தெரியாது. உங்கள் படம் பத்திரிகையில் வந்த மறுநாள் காலை உங்கள் தோளில் அதன் கை கிடக்கும்.

அந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஆண், ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா. பதினொரு சங்கங்களுக்குத் தலைவர். அவற்றில் ஏழு சங்கங்களின் ஒரே உறுப்பினரும் அவர்தான். அவர் கடைசியாக ஆளாக்கிய ஆள் குகதாசன்.

குகதாசன் வாரத்தில் ஐந்து நாள் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவார். சனி ஞாயிறுகளில் அடி வாங்குவார். எந்தப் பெரிய நிறுவனத்திலும் சேராமல், கூப்பிட்ட ஊருக்குப் போகும் மல்லர் அவர். மேடையைப் பலகை பலகையாக வான் வண்டியில் ஏற்றி, பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களின் மண்டபங்களில் இறக்கி, தாங்களே பூட்டி, தாங்களே கயிறு கட்டி, அதே மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்து, சனம் போனபின் தாங்களே கழற்றி ஏற்றும் கூட்டம் அது. யார் வெல்வது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். விழுவதை அப்படிப் பேசி முடிக்க முடியாது. முகவாய் நெஞ்சில் ஒட்ட, முழு முதுகும் ஒரே நேரத்தில் பலகையில் பட, இரண்டு கைகளும் சேர்ந்து அறைய விழவேண்டும். கொஞ்சம் பிசகினால் கழுத்து போகும். குகதாசனைப் போல விழ ஆளில்லை. அவரோடு மோதிய எவருக்கும் ஒன்பது வருடத்தில் ஒரு நகம்கூட உடையவில்லை.

அந்த ஒன்பது வருடமும் அவர் தோற்றார். குகதாசனாக அல்ல, 'கல்கத்தாப் பக்கிரி'யாக. ஏற்பாட்டாளர் ரோமன் முதல் நாளே அவருடைய தோலின் நிறத்தைப் பார்த்தார். ஒரு தலைப்பாகையையும் ஒரு இறப்பர்ப் பாம்பையும் எடுத்து நீட்டினார். கிளிநொச்சியில் பிறந்தவருக்குக் கல்கத்தாவில் என்ன வேலை? கேட்பாரில்லை. கறுத்தவன் பாம்போடு வருவான், களவாக அடிப்பான், கடைசியில் வெள்ளையன் காலடியில் கிடப்பான், சனம் நிம்மதியாக வீட்டுக்குப் போகும். அந்த மேடையின் வேதம் அவ்வளவுதான்.

இந்த வருடம் குகதாசன் தலைப்பாகையைக் கழற்றி ரோமனின் மேசையில் வைத்தார்.

"தோற்கிறேன், ரோமன். எப்போதும்போலத் தோற்கிறேன். என்னுடைய பெயரில் தோற்கிறேன்."

ரோமன் கெட்டவர் அல்லர், வியாபாரி. "உன் பெயருக்கு யார் வருவார்கள்? ஞாயிறு, ஆர்ஜொந்தெய் மண்டபம். ஐந்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும்போது உன் ஆட்கள் நூறு பேர் கதிரையில் இருந்தால் நீ குகதாசன். இல்லையென்றால் பாம்பு. அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்காதே."

நூறு பேருக்கு எங்கே போவது? ஸ்ரீஸ்கந்தராசாவிடம்தான். இரண்டு வருடத்துக்கு முன் இதே மனிதர், "வெறும் மேலோடை உருண்டு பிழைக்கிறதும் ஒரு பிழைப்போ? தமிழரின்ரை மானம் போகுது" என்று கடை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். ஆனால் சென்ற கிழமை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில், குகதாசன் ஒரு நோர்மண்டிக்காரனைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் படம் வந்திருந்தது. அது இப்போது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"வாரும் தம்பி, வாரும்! நூறு பேரோ? ரெண்டு பஸ் பிடிக்கிறன். உமக்கு முதல் பிடி பழக்கினவன் ஆர்? நான்தானே!"

"எங்கை வச்சு, அண்ணை?"

"கிளிநொச்சியிலை."

"நீங்கள் எண்பத்து நாலிலையே பிரான்சுக்கு வந்திட்டியள். நான் பிறந்தது தொண்ணூறிலை."

"உந்தக் கணக்கெல்லாம் என்னத்துக்கு? உணர்வுதான் முக்கியம்."

சுவரொட்டி வந்தது. அதில் ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் சாப்பாட்டுக் கோப்பை அளவு. குகதாசன் தபால்தலை அளவு.

ஞாயிறு நாலே முக்காலுக்கு இரண்டு பஸ்களும் ஆர்ஜொந்தெய் மண்டப வாசலில் நின்றன. நூற்றுப் பத்துப் பேர் இறங்கினார்கள். குகதாசனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் தலைவர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ! நாலரையிலையிருந்து ஆறு மட்டும் ராகுகாலம். ஒருத்தரும் உள்ளுக்கை கால் வைக்கப்படாது. பொடியன் தோத்துப்போவான்!"

பொடியன் தோற்பதென்று மூன்று நாளைக்கு முன்பே முடிவாகியிருந்தது. ராகுவுக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும். நூற்றுப் பத்துப் பேரும் நின்றார்கள். அவர்களில் இரண்டு பொறியியலாளர், ஒரு பல் வைத்தியர். ராகுகாலத்தில் பஸ்ஸில் வரலாமாம், கோழிக்கால் கடிக்கலாமாம், கதவைத் தாண்டத்தான் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்தில் தலைவரின் நகைக்கடையில் வியாபாரம் கொதிக்கிறதே, அங்கே ராகு வருவதில்லையா?

ஐந்துக்குப் பத்து நிமிடம். வெறும் கதிரைகளை ஒரு முறை பார்த்த ரோமன், குகதாசனின் தலையில் தலைப்பாகையை வைத்தார். குகதாசன் அந்தக் கோலத்திலேயே, அரைக் காற்சட்டையும் கையில் பாம்புமாக, வெளியே ஓடினார்.

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், உள்ளுக்கை வாங்கோ!"

"பொறும் தம்பி. ஒரு மணித்தியாலம்தானே."

கூட்டத்தில் சிவனேஸ்வரி நின்றாள். குகதாசன் கோப்பை கழுவும் அதே கடையில் வெங்காயம் உரிப்பவள்.

"இதென்ன கோதாரி தம்பி, தலையிலை?"

"நீங்கள் வராட்டி இதுதான் நான், அக்கா. இனி எப்பவும்."

அவள் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை, நான் பிறந்தது ராகுகாலத்திலை. கலியாணம் சுபமுகூர்த்தத்திலை, அந்த மனிசன் மூண்டாம் மாசம் ஓடிட்டான். ராகுவுக்கு விருப்பமெண்டால் எனக்குப் பக்கத்திலை வந்து இருக்கட்டும். கதிரை சும்மாதான் கிடக்கு."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். பின்னால் பல் வைத்தியர். அவருக்குப் பின்னால் எல்லோரும், விழுந்தடித்துக்கொண்டு! நூற்றுப் பத்துப் பேருக்கும் அதுவரை ஒன்றே ஒன்றுதான் குறைவாக இருந்தது: முன்னால் நடக்க ஒரு ஆள்.

வெளியே தலைவரும் அவருடைய கைக்கடிகாரமும் மட்டும் நின்றன.

ஐந்து மணிக்கு ரோமன் ஒலிவாங்கியில் "கிளிநொச்சியின் குகதாசன்!" என்று நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அறிவித்தார். கூரை எழும்பியது. ஆறை நெருங்கும்போது, அந்த நோர்மண்டிக்காரனோடு அவருடைய மோதல்தான் கடைசி. எறிபட்டார், பறந்தார், முதுகு அறைய விழுந்தார். "எடேய் வெள்ளை, மெல்லமாப் போடடா! அவனுக்கு நாளைக்கு வேலை!" என்று சிவனேஸ்வரி கதிரையில் ஏறி நின்று கத்தினாள். முன்பே பேசி முடித்தபடி மூன்று எண்ணும்வரை கிடந்து, சொந்தப் பெயரில், அழகாகத் தோற்றார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

சரியாக ஆறு மணி. பொன்னாடையோடு நுழைந்த ஸ்ரீஸ்கந்தராசா, மேடையில் கிடந்தவரைக் கண்டதும், "நான் அப்பவே சொன்னனான், ராகு!" என்று கூவியபடி கயிற்றுக்குள் நுழைந்து, வேட்டி அதில் சிக்க, வேட்டியை மீட்டு, ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"ஆனாலும் இவருக்கு முதல் பிடி பழக்கினவன் நான்!"

குகதாசன் வியர்வையோடு எழுந்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணை, அந்தப் பிடியை ஒருக்கா சனத்துக்குப் போட்டுக் காட்டுங்கோ."

"போட்டுக் காட்டு! போட்டுக் காட்டு!" என்றது மண்டபம். நோர்மண்டிக்காரன் சிரித்துக்கொண்டு இரு கைகளையும் விரித்து முன்னால் வந்தான். தலைவர் பின்னால் போனார், கயிறு. பக்கத்தில் போனார், கம்பம். குகதாசன் அவரை அரிசி மூட்டை போலத் தோளில் ஏற்றி, பொன்னாடை பறக்க, மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணாடிக் குவளையை வைப்பதுபோல மெதுவாக இறக்கி வைத்தார். பிள்ளைகள் இருக்கையிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தார்கள். ரோமன் அடுத்த மூன்று ஊர்களின் சுவரொட்டிக்கும் குகதாசனின் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டார்.

தலைவர் திருந்தினாரா? எங்கே! மறுநாள் கடையில், "என்னைத் தோளிலை வச்சுச் சுத்தினவன். குருவுக்கு அவ்வளவு மரியாதை" என்றார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். நேற்று சாப்பாட்டுக்கடையில் உங்கள் மேசையைத் துடைத்தவரின் பெயர் என்ன? தெரியாதா? நாளைக்கு அவர் படம் பத்திரிகையில் வந்தால் எப்படிச் சின்னனிலேயே தெரிந்திருக்கும்? இன்றைக்கே போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்கிறார், எங்கே, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். அவர் சொன்ன மணிக்குப் போய்க் கதிரையில் உட்காருங்கள்.