ரசாக் அண்ணன் ஒயரிங்கும் இருபத்தேழு டிகிரியும்

பீளமேடு,
செவ்வாய், மதியச் சாப்பாட்டு நேரம்.

பிரியத்துக்குரிய வெங்கடபதி மாமாவுக்கு, உங்கள் மருமகள் ஹரிதா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். பல்லடத்தில் நீங்களும் பங்காரம்மா அத்தையும் கல்யாணப் பெண் ஹாரிகாவும் மீதமிருக்கும் கோழிகளும் சுகம் என்று நம்புகிறேன். போனில் ரசாக் அண்ணன் பேரை எடுத்தாலே, "கண்ணு, சாப்ட்டியா? இரு, அத்தைகிட்டக் குடுக்கறேன்" என்று தப்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையும் அத்தையிடம் கொடுத்தால் அவர் உங்களுக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி, காலையில் கரண்ட் போய் வந்த பிறகு உங்கள் ஷெட்டில் ஆறு ஃபேன்களில் ஒன்றுகூடச் சுற்றாமல், மதியம் முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அத்தை தீவனச் சாக்கால் விசிற, நீங்கள் வேட்டியை அவிழ்த்து விசிற (ஹாரிகாவே சொன்னாள், நான் கேட்கவில்லை), கடைசியில் நாற்பது கோழிகள் செத்துப்போயின. சூட்டைப் பார்த்து ஃபேன்களை ஓட்டும் பெட்டி எங்கள் கம்பெனியுடையது. அதற்கு மென்பொருள் எழுதியவள் நான். இரண்டும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும், "எங்க ஹரிதா கம்ப்யூட்டர்ல எழுதுனது தப்பாவுமா? ஒயரிங்தான்!" என்று சொல்லி, பதினெட்டு வருஷமாக உங்கள் வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஷெட்டுக்கும் ஒயர் இழுத்த ரசாக் அண்ணனை, வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, "இனி இந்தப் பக்கம் வந்துபோடாதே" என்று அனுப்பினீர்கள். அதோடு விட்டீர்களா? தீவனக் கடையிலும் போய்ச் சொன்னீர்கள். இப்போது பக்கத்து நாலு ஷெட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து தட்டுகிறவள் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, டெஸ்டர் பிடித்தவர் மேல் மட்டும் உடனே வந்துவிட்டது. இங்கேயும் அதே லட்சணம்தான். என் மேனேஜர் சசிதர், "ஒயரிங்காத்தான் இருக்கும், கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிரு" என்றார்.

நான் க்ளோஸ் பண்ணவில்லை. ஒரு பெட்டியை மேசையில் வைத்து, சூடு அளக்கும் அதன் சென்சாரை என் ஹேர் டிரையரால் சூடாக்கினேன். ரசாக் அண்ணன் தொட்ட ஒரு ஒயர்கூட அங்கே இல்லை. சென்சார் ஐம்பது டிகிரியைத் தொட்டது, பெட்டியோ தொடங்கும்போது பார்த்த இருபத்தேழிலேயே நின்றது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க, படிக்கும் எண்ணையெல்லாம் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். உடனே ஒழுங்காக வேலை செய்தது. அந்த வரியை எடுத்தால் மறுபடி இருபத்தேழு. ஆபீசர் எட்டிப் பார்க்கும்போது மட்டும் சீட்டில் இருக்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்களே, அதே குணம். நான் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள். வேகம் வேண்டும் என்று கேட்டால், தேவையில்லை என்று தனக்குப் படும் வேலைகளை அதுவே வெட்டிவிடும். வேகம் கேட்டதும் நான்தான். கேட்காமல் விட்டால் பெட்டி சரியாக ஓடுகிறது. கேட்டால் தப்பு. சசிதரிடம் சொன்னேன். "கம்பைலர் மேல பழி போடறவங்கள்ல முக்காவாசிப் பேருக்குத் தப்பு அவங்களோடதாத்தான் இருக்கும் அம்மணி" என்று சிரித்தார். மூன்று வாரம் உட்கார்ந்தேன். நாலாயிரம் வரியை வெட்டி வெட்டிப் பதினோரு வரியாக்கினேன், தப்பு அப்படியே இருந்தது. அந்தப் பதினோரு வரிக்குக் கம்பைலர் தந்த கட்டளைகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். சென்சாரைப் போய்ப் பார்க்கும் கட்டளை, திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்குள் இருக்க வேண்டியது, சுற்றுக்கு வெளியே கிடந்தது. 'இது மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்' என்று நான் தெளிவாகக் குறித்திருந்தும், ஒரே ஒரு முறை பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு அது அப்புறம் போகவே இல்லை. உங்கள் ஷெட்டிலும் காலையில் கரண்ட் வந்தபோது பார்த்த சூட்டையே மதியமும் நம்பி, ஃபேன் தேவையில்லை என்று பெட்டி சும்மா இருந்துவிட்டது. கம்பைலரைச் செய்தவர்களுக்கு எழுதினேன். தப்பு தங்களுடையதுதான் என்று நேற்றுப் பதில் வந்தது. சசிதர் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். ரசாக் அண்ணனுக்கு யார் என்ன கொடுப்பது?

ஹாரிகா கல்யாணத்துக்கு, உங்கள் பண்ணையில் வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்களும் அத்தையும் தட்டில் வெற்றிலை பாக்கோடு போய்ப் பத்திரிகை வைக்கிறீர்கள், கோழி லாரி டிரைவர் வரைக்கும். அந்தப் பட்டியலில் ரசாக் அண்ணன் பேர் மேல் கோடு கிழித்திருப்பதை ஹாரிகா போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒருமுறை பார்த்து முடிவு கட்டிவிட்டு மறுபடி போய்ப் பார்க்காமல் இருந்த கம்பைலருக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கான திருத்தம் இந்தக் கடிதம். கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்து, மன்னிப்பும் கேளுங்கள். அதே தீவனக் கடையில், அதே சத்தத்தில், தப்பு அவருடையது இல்லை என்றும் சொல்லுங்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு வருவேன், இரண்டு பந்தி சாப்பிடுவேன், உங்களோடு மட்டும் பேசமாட்டேன்.

அத்தைக்கு நமஸ்காரம். ஹாரிகாவுக்கு நூறு முத்தம். கோழிகளிடம் என் பேரைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் வாயாடி மருமகள்,
ஹரிதா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்பு, நல்ல சேதியைச் சொல்லலாமே என்று ரசாக் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏனுங்க அம்மணி, உங்க மாமாகிட்ட ரொம்ப அடிச்சுப் பேசிப்போடாதீங்க. நாலாம் நம்பர் ஃபேன் ஒயரு நெசமாலுமே லூசாத்தானுங்க இருந்துது. அன்னைக்கு வந்து போர்டைத் தொறந்தப்பவே பார்த்து முடுக்கியுட்டுப்போட்டேன். சொல்லலாம்னு திரும்பறதுக்குள்ள அவரு கத்திப்போட்டாருங்க" என்கிறார். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனமில்லை. ஆகவே ஐந்து ஃபேன்களுக்கு நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். மீதி அந்த நாலாம் நம்பருக்கு அவர் கேட்பாராம். பத்திரிகை மட்டும் முழுதாக ஒன்று வையுங்கள்.