உமிக்குள் ஒளித்த எஞ்சின்

உட்துறைமுக வீதி,
திருக்கோணமலை.

அன்பின் மச்சான் முஹம்மது தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் கடையும் சுகம். கடல்தான் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. தோஹா வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். வட்சப்பில் எழுதினால் வாசிக்காமலே கட்டைவிரலைக் காட்டுவீர்கள் என்பதால் லீவு முடிந்து தோஹா திரும்பும் இன்பாஸ் கையில் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் நிப்லா ஒரு மாதமாகப் போகும் படகு எஞ்சின் படிப்பைத் தொடர விடவா, நிறுத்தவா, பார்த்து எழுதுங்கள் என்றீர்கள். பார்த்தேன். நிறுத்துங்கள். கட்டடம் தந்தது ஒரு நாடு, எஞ்சின் தந்தது இன்னொரு நாடு, வாத்தியாரைத் தந்தது மூன்றாவது நாடு; மூன்று நாடும் சேர்ந்து ஒரு பழுதைக் கொடுக்க மறந்துவிட்டன. எட்டு எஞ்சினும் புத்தம் புதிது, பிள்ளைகள் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்க, வெள்ளைக்காரச் சேர் நிப்லாவோடு கடைக்கே வந்துவிட்டார். "மாமா, சேர் பழுதான எஞ்சின் ஒண்டு கேக்கிறார்." "எங்கட துறைமுகத்தில பழுதில்லாதது கேட்டாத்தான் கஷ்டம், மகள்" என்றேன். யாவாரி புத்தி, இடத்தை அடைத்துக் கிடந்ததைத் தள்ளிவிட்டேன். நம்முடைய எஞ்சின்தான் மச்சான். தொண்ணூறில் சண்டை தொடங்க, பறிபோகாமல் ரெண்டு பேருமாக உமிக்குள் ஒளித்தோமே, நிலைமை சரியானதும் எடுத்து, கிண்ணியாவில் கயிற்றை இழுத்து இழுத்து உங்கட தோள் இறங்கினதும், பட்டணம் வரைக்கும் துடுப்புப் போட்டதும், வந்துசேர ஏற்றின மீன் நாறினதும் ஞாபகமா? மீன் நாற நாற நீங்கள் பாடிக்கொண்டு வந்தீங்க. கரையில் இறங்கித்தான் சொன்னீங்க, "எஞ்சினே கைவிட்டுட்டுது மச்சான், நான் வெளிநாடு போறன்." பிறகு எஞ்சின் திருத்துற நாலு பாஸ்மார் பார்த்தும் எழும்பாத சாமான், இந்தப் பிள்ளைகளால் ஏலுமா? மூன்று கிழமையாகப் புத்தகத்தை விரித்துவைத்து ஒவ்வொரு ஆணிக்கும் குறிப்பு எழுதுகிறார்கள். ஆகவே நிறுத்துங்கள்.

உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
அப்துல் மஜீத்

பி.கு: உறையை ஒட்டுமுன் நிப்லா வந்தாள். எஞ்சின் எழும்பிவிட்டது. பாஸ்மார் எல்லாரும் மேலேதான் கழற்றினார்கள். புத்தகம் கீழேயும் பார் என்றதாம். "புகைக் குழாய்க்குள்ள ஆர் மாமா சாரன் துண்டை அடைச்சது?" உமி போகாமலிருக்க நான்தான் அடைத்தேன் மச்சான், எடுக்க மறந்துபோனேன். நீங்கள் உடுத்தது, பிறகு ஊரெல்லாம் தேடினது, அந்த நீலக் கட்டச் சாரன்தான். பிள்ளையை நிறுத்தாதீங்க; படிப்புக்கான சம்மதப் பாரத்தில் உங்களுக்காக நானே கையெழுத்தும் வைத்தாயிற்று. துண்டைக் கழுவி இத்தோடு அனுப்புகிறேன். போன வருசங்களை அனுப்ப என்னால் ஏலாது. ஒருக்கா வந்திட்டுப் போங்க, கிண்ணியாவுக்குத் துடுப்பில்லாமல் போய் வருவம்.