ஏவல் பாடம்

இனி இந்த வீட்டில் தன் சொல்தான் நடக்கும் என்று ஆன்றோ பர்னாந்து முடிவு கட்டினான். அதுவும் போர்த்துகீசில்.

அவன் முதலாளி நேசக்குமார் மொசாம்பிக்கிலிருந்து முந்திரிக்கொட்டை தருவிப்பவர். அங்குள்ள சரக்குக் கிட்டங்கியில் ஆட்களை வேலை வாங்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். மூன்று வருட வேலை. போர்த்துகீசில் நாலு ஏவலும் நாலு புத்திமதியும் தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சோதனை. பதினெட்டு வருடம் துறைமுகத்தில் கண்டவன் ஏவியதையெல்லாம் செய்து வெந்துபோயிருந்த ஆன்றோ, பாடத்தைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டான்.

"பேருலயே போர்த்துகீசு கெடக்கு. ரத்தம் தானா பேசும்."

"ஐநூறு வருசமாப் பேசாத ரத்தம், ஆறு நாள்ல பேசுமாக்கும்" என்றாள் மனைவி பிளாரன்ஸ்.

அவனுக்குச் சுருக்கென்றது. "வாரே அ காசா!" என்று கத்தினான். வீட்டைப் பெருக்கு!

மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மணையோடு நிமிர்ந்தாள். "யாரப் பாத்து அதட்டுதிய? மூணு வருசம் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"பாடம்ளா. சொன்னதச் செய்யி."

பிளாரன்ஸ் கோபத்தை மீனோடு சேர்த்து அரிந்தாள். பிறகு மிகவும் சாந்தமாகச் சொன்னாள்: "எனக்கு வெளங்கலியே. செஞ்சு காட்டுங்க."

விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கிக் காட்டினான்.

"இது முன்னறைக்கு. அடுப்படிக்கு வேற சொல்லு உண்டா?"

அடுப்படியும் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவுவதற்கான ஏவல். புதன்கிழமை தேநீருக்கு. வியாழக்கிழமை ஜன்னல் சாத்துவதற்கு. ஒவ்வொன்றையும் அவன் தொண்டை கிழியச் சொல்ல, அவள் பரிதாபமாக விழிக்க, அவனே செய்து காட்டினான்.

"ஏளா, கழுதைக்குக்கூட இதுக்குள்ள வெளங்கியிருக்கும்!"

"கழுத மேல இப்படியா எரிஞ்சு விழுவிய? பொறுமையாச் செஞ்சு காட்டுங்க. சீனி கொஞ்சம் கம்மியா."

வெள்ளிக்கிழமை புத்திமதிப் பாடம். "டெஷ்கான்சா" என்று வாசித்தான். கொஞ்சம் ஓய்வெடு. பிளாரன்ஸ் உடனே எழுந்துபோய் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிட்டாள்.

"இது மட்டும் எப்படிளா வெளங்குச்சு?"

"புத்திமதில்லா? மனசுல தைக்கிது."

ஆத்திரத்தில் அவன் செல்பேசியை அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செல்பேசியை மேசைமேல் நிறுத்தினார்கள். திரையில் மொசாம்பிக் கிட்டங்கி மேலாளர் ஒரு கட்டத்தில், மொழிபெயர்க்க நேசக்குமார் இன்னொரு கட்டத்தில். வீட்டிலிருப்பவரையே வேலையாளாக நினைத்து வேலை வாங்கச் சொன்னார் மேலாளர். பின்னால் பிளாரன்ஸ் நாற்காலியில் சாய்ந்து ஒரு மக்ரூனை நாக்கில் கரையவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபேஷா அ ஜனேலா!" ஆன்றோ முழங்கினான். ஜன்னலைச் சாத்து! உச்சரிப்பு சுத்தம். ஆனால் அவன் கால்கள் தாமாக நடந்தன. சாத்திவிட்டு வந்தான்.

"வாரே அ காசா!" கை விளக்குமாற்றைத் தேடிப் போயிற்று.

"ஃபாஸ் ஷா!" தேநீர் போடு! அடுப்பைப் பற்றவைத்து, தேநீர் கொதித்து, அதை அவள் கையில் கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வியர்த்துக் கொட்ட செல்பேசியின் முன் வந்து நின்றான்.

மேலாளர் அவனுக்குப் பின்னால் இருந்த பிளாரன்ஸைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். நேசக்குமார் மொழிபெயர்த்தார்.

"ஆன்றோ, தப்பா எடுக்காத. எடத்தவிட்டு அசையாம, வாயும் தெறக்காம இவ்வளவு வேல வாங்குதாங்களே, அந்த அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கான்னு கேக்காரு."