இருப்புச் செம்மலின் இரண்டு நாற்காலிகள்

பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவரை உலகம் இன்றுவரை தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. அதே பூஜ்யத்தை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தவருக்கு மட்டும் ஒரு சிலை கிடையாது, ஒரு முட்டுச்சந்துக்குக்கூட அவர் பெயர் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் எங்கும் உண்டு. இல்லாத பூசணிக்காயைச் சோற்றின் மேல் வைத்துக் காட்டி, 'சீக்கிரம் எடுங்கள், தீர்ந்துவிடும்' என்று சொன்னவர் நம் கதாநாயகர் ஒருவரே.

அவர் ஓர் இணையக் கடையின் 'இருப்பு அறிவிப்புத் துறை'த் தலைவர். அந்தத் துறையில் வேறு ஆள் இல்லாததால் தொண்டரும் அவரே. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி முதலாளி முதல் வாசல் காவலாளிவரை அவரை 'ரெண்டேரெண்டு சார்' என்றுதான் அழைத்தார்கள். அந்தக் கடையில் எந்தப் பொருளைத் திறந்தாலும் அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'இன்னும் இரண்டே இரண்டுதான் உள்ளன!' என்று துடிக்கும். அந்த வாசகத்தைப் பெற்ற தகப்பன் அவர்.

மற்ற கடைகளில் சரக்கைக் குடோனில் போய் எண்ணுவார்கள். பாவம், படிக்காதவர்கள். இங்கே தினமும் காலையில் குளிரூட்டிய அறையில் 'இருப்பு நிர்ணயக் கூட்டம்' கூடும். ஒவ்வொரு பொருளும் எத்தனை இருக்கிறது என்பது அங்கே கைதூக்கி முடிவு செய்யப்படும். தேநீர் ஆறுவதற்குள் கடை முழுக்கச் சரக்கு நிரம்பிவிடும்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. குடோன் பொறுப்பாளர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகமான அம்மாள், எழுந்து நின்று கேட்டேவிட்டார்.

"குடோன்ல எத்தனை இருக்கோ அதையே வெப்சைட்ல காட்டிட்டா என்ன சார்?"

யாரோ ஒருவர் கதவைச் சாத்தினார்.

ரெண்டேரெண்டு சார்தான் நிதானமாக எழுந்தார். "அம்மா, ஐந்நூறு இருக்குன்னு காட்டினா என்ன ஆகும்? 'நாளைக்கு வாங்கிக்கலாம்'னு போயிடுவாங்க. ஒண்ணுமே இல்லைன்னு காட்டினா? பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. ரெண்டு இருக்குன்னு சொன்னாதான் மனுஷனுக்கு வாழ்க்கைமேல ஒரு பிடிப்பு வரும்."

"ஒண்ணுமே இல்லாதப்பவும் ரெண்டா?"

"அப்பத்தான் முக்கியமா ரெண்டு!"

"பொருளை யார் சார் கொடுக்கிறது?"

"பொருள் வேற, இருப்பு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, 'இல்லை' என்ற சொல் நிறுவனத்தின் எந்த அறிவிப்பிலும், எந்தத் தொலைபேசிப் பேச்சிலும் இடம்பெறக் கூடாது. மற்றொன்று, ரெண்டேரெண்டு சாருக்கு 'இருப்புச் செம்மல்' பட்டமும் ஒரு சுழல் நாற்காலியும். பட்டத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நாற்காலியின் முதுகில் திருகிக் கொடுத்தார்கள். குடோன் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. கையில் தேநீர் இருந்ததாகப் பிறகு சொன்னார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா. அந்த இடுப்புதான் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்துபோயிற்று. அறுவை சிகிச்சை முடிந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் ஒன்றரை மாதத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, சக்கர நாற்காலி கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. "உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், வந்து தூக்கிட்டுப் போங்க" என்றார், சினிமாக் கதாநாயகன் அலட்டல் எதுவும் இல்லாமல். போய் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று மாலை மனைவி சோபாவில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க கடையிலயே வீல்சேர் இருக்கே. விலையும் கம்மி. கால் நீட்டிக்கத் தனியா பலகை, பஞ்சு மெத்தை எல்லாம் இருக்கு. ஆனா ரெண்டுதான் மிச்சமாம். பதினேழு பேர் பாத்துட்டிருக்காங்களாம்."

இந்த இடத்தில் நாம் சற்றுத் தலைவணங்கி நிற்க வேண்டும். ஒரு கலைஞனின் உச்சம் எது? தன் படைப்பைப் பார்த்துத் தானே மயங்குவதுதான். அந்த 'இரண்டு' அவர் எழுதியது. அந்தப் 'பதினேழு பேர்' அவர் ஒரு மதியம் கொட்டாவி விட்டுக்கொண்டே பெற்றெடுத்தது. ஆனால் செல்போனில் அது சிவப்பாகத் துடித்ததைக் கண்டதும் அவர் பதறிப்போனார்.

"என்னடி பாத்துட்டே இருக்க? போடு, போடு! எவனாவது தட்டிட்டுப் போயிடப் போறான்!"

போட்டாயிற்று. 'வாழ்த்துகள்! நீங்கள் அதிர்ஷ்டசாலி!' என்று திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. அவர் அந்தச் சந்தோஷத்திலேயே மருந்துக்கடைக்குப் போன் செய்து, "அந்தச் சேரை வேற யாருக்காவது கொடுத்திருங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் அடுத்த அரைமணியில் அதை விற்றுவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வெண்ணெயைத் தானம் செய்துவிட்டு அலையப் புறப்பட்டார்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. நாற்காலி வரவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்தாள். இவர் அலுவலகக் கழிப்பறைக்குள் புகுந்து, தாழ்ப்பாள் போட்டு, சொந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கே போன் போட்டார்.

"வணக்கம் சார். உங்கள் நாற்காலி உங்களை நோக்கிப் பயணித்துக்கொண்டிருக்கிறது" என்றது ஓர் இனிமையான குரல்.

"எங்கிருந்தும்மா கிளம்புச்சு?"

"உங்கள் பொறுமைக்கு நன்றி சார்."

"குடோன்ல இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சார், 'இருக்கா'வுக்கு அடுத்து நீங்க சொன்ன வார்த்தையை நாங்க சொல்லக்கூடாது சார். ரெண்டேரெண்டு சாரோட உத்தரவு."

"நான்தாம்மா ரெண்டேரெண்டு சார்!"

"நேத்து இன்னொருத்தரும் அப்படித்தான் சார் சொன்னார். உங்கள் பொறுமைக்கு நன்றி."

அவர் குடோனுக்கு ஓடினார். அந்த நிறுவனத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. உயர உயரமான இரும்பு அலமாரிகள். குடோன் அம்மாள் மூன்றாவது வரிசைக்குக் கூட்டிப்போய்க் கை காட்டினார். அந்த அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடி கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"வீல்சேர் எங்கம்மா?"

"இங்க எங்க சார் இருக்கு? வந்த சரக்கெல்லாம் தீர்ந்து, போன மாசமே அலமாரி காலி. நீங்கதான் கூட்டத்துல 'ரெண்டு'ன்னு முடிவு பண்ணீங்க. அந்தக் கூட்ட ரூம்லதான் எங்கயாவது இருக்கும், போய்த் தேடிப் பாருங்க."

"விளையாடாதீங்கம்மா. எங்க அக்காவுக்கு."

அம்மாளின் முகம் மாறியது. "அய்யோ, முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேனே சார்" என்றார். கேட்டிருக்கலாம். குடோனும் அவர் அறையும் ஒரே கட்டடம். ஆனால் செல்போனில் 'இரண்டு' என்று போட்டிருக்கும்போது எந்த மடையன் மாடியிறங்கிப் போய்க் கேட்பான்?

அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன். "யோவ், எங்கய்யா இருக்க? வீல்சேர் பிச்சுக்கிட்டுப் போகுது! இந்த மாசம் அதுதான் முதலிடம். முந்நூறைத் தாண்டிடுச்சு! கையில ஒரு நாற்காலிகூட இல்லாம முந்நூறு வித்த கடை இந்த உலகத்துல உண்டாய்யா?"

"சார், அதுல ஒண்ணு எங்க அக்காவுக்குப் போட்டது சார்."

"அட, அப்படியா! சந்தோஷம்!"

"சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த ரெண்டை எடுத்துட்டு, சரக்கு தீர்ந்துபோச்சுன்னு போட்டுடலாமா சார்?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவுக்கு வேணும்னா எங்கயாவது பிடிச்சுத் தரச் சொல்றேன். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். அந்த ரெண்டுமேல மட்டும் கைவெச்சுடாதய்யா. அது நம்ம குலதெய்வம்."

தன் மேசைக்கு வந்து அவர் திரையைப் பார்த்தார். ஒரு விரலால் அழுத்தினால் போதும், அந்த 'இரண்டு' போய்விடும். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. துறைத் தலைவர் அல்லவா? விரல் வரைக்கும் நியாயம் வந்தது. விரலைத் தாண்டிப் பொத்தானுக்குப் போகவில்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைத் தூக்கி ஒரு வாடகை வண்டியில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அக்காவை வீட்டுக் கட்டட வாசலில் இறக்கி, தங்கள் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலிலிருந்து லிஃப்டுக்கு, லிஃப்டிலிருந்து வீட்டுக்கு, இருப்புச் செம்மல் நாற்காலியில்தான் ஊர்வலம். அது சொன்ன பேச்சைக் கேட்கும் ஜாதி இல்லை. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சுழன்றது. லிஃப்டின் விளிம்பில் சக்கரம் மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, அக்காவைச் சுவரைப் பார்க்க நிறுத்தியது. அவள் கால் கதவில் இடித்துவிட்டது.

"அம்மா!" என்று அக்கா அலறினாள். அவர் சட்டென்று குனிந்து அவள் காலைத் தாங்கிப் பிடித்தார். சின்ன வயதில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது ராவெல்லாம் தோளில் போட்டு நடந்தவள், இப்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"மன்னிச்சுக்கக்கா."

"போடா, உன் தப்பா இது? கடைக்காரன் ஏமாத்தினா நீ என்ன பண்ணுவ?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். எந்தக் கடை என்பது அக்காவுக்குத் தெரியாது. தம்பி கம்ப்யூட்டரில் ஏதோ பெரிய வேலை பார்க்கிறான் என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருவழியாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்கா தலையணையில் சாய்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "ஏன்டா, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு, நாற்காலி வந்துடும், வந்துடும்னு காத்துட்டிருப்பாங்க?"

அவர் வாயைத் திறந்தார். 'முந்நூறு' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை வருட அனுபவம் சும்மா விடுமா?

"ரெண்டே ரெண்டு பேருதான்க்கா."

"அப்பாடா" என்றாள் அக்கா. "அப்ப ஒண்ணு செய்டா. நம்ம நாற்காலி வந்ததும் முதல்ல அதை அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கொடுக்கச் சொல்லு. எனக்காவது தூக்கிட்டு வர நீ இருக்க. பாவம், அவங்களுக்கு யாரு இருக்காங்களோ!"