பதினேழாம் நம்பர் விண்ணப்பம்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சல்லடை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். மனைவியை வாதத்தில் ஜெயிப்பது! கல்யாணமான இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நடக்காத காரியம். நடக்காததுதான் இன்றைக்கு நடக்கட்டுமே!

சல்லடை என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சலித்து, தேறுவதை எடுத்து, தேறாததைத் தள்ளுவது அவர் உத்தியோகம். அதனால் அலுவலகம் சூட்டிய பட்டம் அது. அவரே படித்து வாங்கிய பட்டம் ஒன்று உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்துப் பட்டம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முதுகு தானாக நிமிரும்.

சண்டை மகளைப் பற்றி. பள்ளிப் படிப்பை முடித்தவளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் கிடைத்திருந்தது. தனியார் பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கை கால் வடிவமைக்கும் படிப்பு கிடைத்திருந்தது. அவள் ஆசைப்பட்டது இரண்டாவது. அப்பா ஆணையிட்டது முதலாவது. மாதக் கடைசி வெள்ளிக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

"தனியார்ல படிச்சா எவன் வேலை குடுப்பான்? அரசுப் பல்கலைக்கழகத்துச் சான்றிதழை நீட்டிப் பாரு, எழுந்து நின்னு வாங்கிப்பான்!" என்றார் சல்லடை.

"உங்களுதை யாருங்க எழுந்து நின்னு வாங்கினாங்க?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"அன்னிக்கு எங்க பொது மேலாளருக்கு முழங்கால் வலி."

"நானும் தனியார்லதாங்க படிச்சேன். நிர்வாகவியல்."

"அதான் பல் ஆஸ்பத்திரியில பதினோரு பேரை மேய்ச்சுக்கிட்டு இருக்கே!"

மனைவி ஒரு போர்வையை உதறினாள். அவ்வளவுதான். அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டு சல்லடை அடுத்த அஸ்திரத்தை விட்டார்.

"எங்க ஆபீஸ்ல மனிதவள மேலாளர் வேலை காலியா இருக்கு. விண்ணப்பம் குவியுது. வந்து பாரு, நம்ம பல்கலைக்கழகத்து ஆளுங்க எப்படி ஜொலிக்கறாங்கன்னு!"

அந்த வேலைக்கு அவரே விண்ணப்பித்திருக்கலாம். மேலாளர் ஆகிவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர முடியாது என்பதால் தியாகம் செய்துவிட்டார்.

"ஜொலிக்காம என்ன?" என்றாள் மனைவி. "பல்கலைக்கழகப் பேரைப் பார்த்துட்டுத்தானே நீங்க மார்க்கே போடுவீங்க. பாவம், மத்தவங்க."

"நானா? என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு? பேரு, ஊரு, படிச்ச இடம் எல்லாத்தையும் மறைச்சுட்டுத் திருத்தறேன், போதுமா?"

"ஐயோ, அதெல்லாம் உங்களால முடியாதுங்க. விடுங்க."

முடியாது! இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டால் சல்லடைக்குத் தூக்கம் வராது. உடனே ஒரு தாளை எடுத்தார். முதல் இடம் வருபவர் அரசு என்றால் மகள் அரசுக்கு, தனியார் என்றால் தனியாருக்கு என்று எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மகள் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, நாலு மூலையையும் அழுத்தித் தேய்த்தாள். அவளுடைய எதிர்காலம் அல்லவா அங்கே தொங்கியது.

மறுநாள் பொது மேலாளர் அறைக்குள் சல்லடை புயலாக நுழைந்தார்.

"சார், ஒரு புரட்சி! மேலாளர் வேலை விண்ணப்பத்தோட முதல் பக்கத்தையே எனக்குக் காட்டக் கூடாது. பேரு கிடையாது, நம்பர் மட்டும்தான். கேள்விகளை மின்னஞ்சல்ல அனுப்புவோம், பதிலும் தட்டச்சுலதான் வரணும். எண்பது மார்க். நான் திருத்தறேன்."

பொது மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "முதல் பக்கத்தை நீங்க பார்க்கவே மாட்டீங்களா?"

"சத்தியமா!"

"சந்தோஷம். முதல் மார்க் வாங்கறவரை நான் ஒருதடவை நேர்ல பார்த்துட்டு எடுத்துக்கறேன்."

நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் வந்தன. காரியதரிசி அச்செடுத்து, முதல் பக்கங்களைக் கிழித்துப் பெட்டியில் பூட்டினாள். சல்லடைக்கு உள்ளூர ஒரு தைரியம். பெயரை மறைத்தால் என்ன, நடையைப் பார்த்தே கண்டுபிடிக்க மாட்டாரா? குட்டி வாக்கியம் என்றால் அரசு. வளவளா என்றால் தனியார். தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

பதினேழாம் நம்பரில் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

கேள்வி அவரே தயாரித்தது: 'எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற, தன்னை மேதாவி என்று நினைக்கிற ஊழியரிடம் வேலை வாங்குவது எப்படி?' மற்ற நாற்பத்தொரு பேரும் எச்சரிக்கைக் கடிதம், ஆலோசனை வகுப்பு என்று பக்கம் பக்கமாக அளந்திருந்தார்கள். பதினேழு நாலே வரி எழுதியிருந்தது: 'அவரோடு வாதாடக் கூடாது. செய்ய வேண்டியதைச் சொல்லி, உங்களால் முடியாது என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். விதியை அவரே எழுதுவார். தான் எழுதிய விதியை அவரால் மீற முடியாது.'

"ஆகா! நம்ம ஆளு!" என்று கத்தினார். பக்கத்து மேசைக்காரர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓட்டமாக வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த நாலு வரியையும் மனைவிக்கு ஒப்பித்துக் காட்டினார், அதுவும் ஏற்ற இறக்கத்தோடு.

"இந்த மூளை எங்க பல்கலைக்கழகத்து மூளை! அடிச்சுச் சொல்றேன்!"

"யாரோ ரொம்பப் புத்திசாலிங்க" என்றாள் மனைவி. "எவ்வளவு போட்டீங்க?"

"எழுபத்தொன்பது."

"ஒண்ணு ஏங்க குறைச்சீங்க?"

"முழுசாப் போட்டா தலைக்கனம் வந்துடும்."

மனைவி சிரித்தபடி சமையலறைக்குள் போனாள். மகள் மட்டும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வாடி நின்றாள். அவளைப் பார்க்கச் சல்லடைக்கும் ஒரு கணம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நல்லதுக்குத்தானே என்று சமாதானம் செய்துகொண்டார்.

வியாழன் பிற்பகல் மூன்று மணி. பதினேழாம் நம்பர் வந்தாகிவிட்டது என்று காரியதரிசி சொன்னதும் சல்லடை தலையை வாரிக்கொண்டு ஓடினார். பழைய மாணவர் சங்கத்தில் சேர்த்துவிடப் படிவம்கூடக் கையோடு கொண்டுபோனார்.

பொது மேலாளருக்கு எதிரே சல்லடையின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?" என்றார் சல்லடை. "சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்துட்டேனா?"

"உக்காருங்க" என்றார் பொது மேலாளர். "இவங்கதான் பதினேழு."

சல்லடை உட்காரவில்லை. பழைய மாணவர் சங்கப் படிவத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"சார், இது என் மனைவி!"

"தெரியும். அதை முதல் பக்கத்துல முதல் வரியிலேயே எழுதியிருந்தாங்க. அந்தப் பக்கத்தைத்தானே பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க? உங்க மார்க்கை நம்பி மட்டும் எடுக்கலை. வெளியாள் ரெண்டு பேரை விட்டும் திருத்தச் சொன்னேன். அவங்க எண்பதுக்கு எண்பது போட்டிருக்காங்க."

சல்லடை கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இதுல தனியார் பல்கலைக்கழகத்துக்கு என்ன பெருமை இருக்கு? இருபது வருஷம் என்னோட குடித்தனம் பண்ணின அனுபவம்!"

"அதையும் முன் அனுபவம்னு எழுதியிருக்கேங்க" என்றாள் மனைவி.

பொது மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று மாலை மகள் கைபேசியில் விவரங்களை நிரப்பினாள். தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாயிற்று என்ற செய்தி வந்தபோது, வீடு இரண்டுபடும் அளவுக்குக் கத்தினாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். சல்லடைக்குத் தோற்ற வலி கொஞ்சம் இருந்தது. அதைவிட, இவ்வளவு மூளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சலித்தோமே என்ற வெட்கம் நிறைய இருந்தது. அதை வாய் விட்டுச் சொல்லவும் செய்தார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக, எல்லாம் சுபம் என்றுதான் நினைத்தார். ஒன்றாம் தேதி காலை அலுவலகம் போய்ச் சேரப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. மேசையில் புது மேலாளரின் கடிதம் காத்திருந்தது: தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் தேவை.

'மேலாளர் சீக்கிரம் கிளம்பிவிட்டார். போகும்போது துணி காயப்போடச் சொல்லிவிட்டுப் போனார்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் தாள் திரும்பி வந்தது: 'வீட்டுப் பொறுப்புகளைத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டுவதை நிர்வாகம் ஏற்காது; நாளை முதல் துணியை ஆறு மணிக்கே காயப்போடவும்.'