எழுந்து நின்ற முள்

தண்டாயுதபாணி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏனுங்க, இறங்கலீங்களா?” என்றாள் மனைவி ரஞ்சனி.

“மீட்டர் முள்ளு வேலை செய்யுது, ரஞ்சனி.”

“நல்லதுதானுங்க?”

“மூணு வருசமா செத்துக் கிடந்த முள்ளு. காலைல போறப்பக்கூட செத்துத்தான் கிடந்துது. சங்ககிரில டீ குடிச்சுப்போட்டு வாரேன், அறுபதுல நிக்குது. யாருமே தொடலை.”

ரஞ்சனி கிட்டே வந்து மோந்து பார்த்தாள். சீட்டில் ஜவ்வாது மணத்தது. அவர்கள் வீட்டில் ஜவ்வாது போடுகிறவர் யாருமில்லை.

ஆட்டையாம்பட்டியில் ஆறு தறி ஓட்டும் தண்டாயுதபாணிக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி மட்டும்தான். கல்லூரி நாளில் பிடித்த பைத்தியம் நாற்பத்தைந்து வயதில்தான் கைகூடியது. ஞாயிறு காலையில் அதே பைத்தியம் பிடித்த பதினோரு பேர் சங்ககிரி மலையடிவாரத்தில், சாலம்மாளின் டீக்கடையில் கூடுவார்கள். எல்லாம் ஒரே மாடல், ஒரே சிவப்பு. நம்பர் பலகையில் படியும் புகையைத் துடைப்பது அங்கே கேவலம். “வண்டியைச் சத்தத்துல கண்டுபிடிக்கோணும். நம்பரைப் பார்க்கறவன் போலீஸ்காரன்” என்பார் கிளப் தலைவர் ஜீவானந்தம்.

“இதை வித்தவன் என்ன சொன்னானுங்க?” ரஞ்சனியின் குரல் இறங்கியிருந்தது.

“முன்னாடி வெச்சிருந்தவரு போர்வெல் ரிக்குல மேஸ்திரியாம். வடக்க போனவரு திரும்பியே வரலையாம்.”

“இப்ப வந்துட்டாருங்க.”

அன்று சாயங்காலமே ஹேண்டில்பாரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. கிளப்பில் அவர் மூச்சுவிடவில்லை. பேய் பிடித்த வண்டி என்று தெரிந்தால் பக்கத்தில் யார் ஓட்டுவார்கள்?

அடுத்த ஞாயிறு ஊர் திரும்பும்போது, மகுடஞ்சாவடி தாண்டித்தான் கவனித்தார். எலுமிச்சையைக் காணோம். அது தொங்கிய இடத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர் முள் மறுபடியும் செத்திருந்தது. வீடு சேர்ந்ததும் ரஞ்சனி தாயத்தைப் பார்த்துவிட்டாள்.

“நீங்க கட்டுனதை அவுத்துப்போட்டு, அவரு இஷ்டத்துக்குக் கட்டியிருக்காரு. அமாவாசைக்குள்ள அந்த மேஸ்திரி போகோணும், இல்லாட்டி வண்டி போகோணும். ரெண்டுமில்லைன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க.”

தண்டாயுதபாணி தாயத்தை அறுத்துத் திருமணிமுத்தாற்றில் வீசினார். வண்டிக்குப் பூசணி சுற்றி உடைத்தார். ஹெட்லைட்டின் நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் அப்பினார். வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு. வீட்டுக்கு வந்து இறங்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்லைட்டில் குங்குமம் இருந்த சுவடே இல்லை. காணாமல் போன எலுமிச்சை வாடி வதங்கித் திரும்பி வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், ஆற்றில் போட்டது மாதிரியே ஒரு தாயத்து.

வழி நெடுக முள் மறுபடியும் எழுந்து நின்றிருந்தது.

ரஞ்சனி உள்ளே போய்ப் பையில் துணி எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“இரு சாமி, இரு. வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியைத் தொலைச்சுப்போட்டு வாரேன்” என்றார். பெற்ற பிள்ளையை விற்பதுபோல இருந்தது அவருக்கு.

நான்காம் ஞாயிறு சாலம்மாள் கடைக்குப் பழைய இரும்புக்காரர் ராசு டெம்போவோடு வந்து நின்றார். மலையிலிருந்து பனி இறங்கி, வரிசையாக நின்ற வண்டிகளை மூடியிருந்தது.

“ரெண்டு வண்டியும் எதெதுங்க?” என்று தண்டாயுதபாணியிடம் கேட்டார் ராசு.

“ரெண்டா? நான் ஒண்ணுதானே சொன்னேன்?”

“இன்னொண்ணு நான் சொன்னதுங்ணா.” பின்னால் கந்தவேல் நின்றார். ஆட்டையாம்பட்டி அண்ணனுக்குப் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துவேன் என்று வாராவாரம் அடம்பிடிக்கும் ராசிபுரத்து ஆள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

“நீ எதுக்குப்பா விக்கறே?”

கந்தவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். “யாருகிட்டயும் சொல்லாதீங்ணா. என் வண்டில யாரோ இருக்காங்க. ஒரு வாரம் மீட்டரைச் சாகடிக்கறாங்க, மறுவாரம் உசுரு குடுக்கறாங்க. போன வாரம் ஹெட்லைட்டுல பொட்டு வெச்சுட்டாங்க.”

தண்டாயுதபாணி அவர் கையை இறுகப் பற்றினார். “உன்னுது பொம்பளைப் பேய் தம்பி. என்னுது ஆம்பளை. தாயத்துக் கட்டுது.”

இரண்டு பேரும் வண்டிகளை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள். பேயும் ஜோடி சேர்ந்துவிட்டது என்றால் இனி எந்தப் பூசாரியால் ஆகும்?

“இந்த வண்டிங்களை என் டெம்போவுல ஏத்த மாட்டனுங்க” என்று ராசு டெம்போ சாவியை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த சாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏஞ்சாமி, நானும் ஒரு மாசமாக் கேக்கோணும்னு இருக்கேன். உங்க சாவி ரெண்டும் ரெண்டு வண்டிக்கும் சேருதாட்டம் இருக்குது, சரி. அதுக்குன்னு வாராவாரம் இவரு வண்டிய அவரும் அவரு வண்டிய இவரும் எடுத்துட்டுப் போறீங்களே, அது உங்க கிளப்பு வழக்கமுங்களா?”